குசினிக்கா, அலுமாரிக்கா? கண்ணாடியும் கிறிஸ்டலும் வாங்கும்போது

ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் கலியாணவீடும் குடிபூரலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களும் வந்து இறங்கியிருக்கும். அந்த நாட்களில் பெரியகடையிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் வீட்டுச்சாமான் கடைகளுக்குள் போனால் இந்தக் கதை காதில் விழாமல் வெளியே வர முடியாது.

"அண்ணை, இது கிறிஸ்டலோ, சும்மா கண்ணாடியோ?"

"ஒறிஜினல் கிறிஸ்டல், தங்கச்சி. தட்டித்தான் பாருங்கோவன்."

தட்டினால் 'ணங்' என்று கேட்கும். கேட்டவர் தலையாட்டிக்கொண்டு காசை எண்ணுவார். அந்தச் சத்தம் கிட்டத்தட்ட எதையுமே உறுதிப்படுத்தாது என்பதையும், எது உறுதிப்படுத்தும் என்பதையும் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. 'இது கிறிஸ்டலா?' என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சாமான் குசினிக்குப் போகப்போகிறதா, ஹோலில் இருக்கும் கண்ணாடி அலுமாரிக்குப் போகப்போகிறதா என்பதுதான் முதற்கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். வல்லிபுரம், அம்பன் பக்கம் போனவர்களுக்கு அந்த வெள்ளை மணல் தெரியும்; இலங்கையில் கண்ணாடிக்கு உகந்த சிலிக்கா மணல் இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று, தெற்கே நாத்தாண்டியா, மாறவில போல. மணலைத் தனியே உருக்க ஏறத்தாழ 1,700 பாகை வெப்பம் வேண்டும். சோடா உப்பை (சோடியம் காபனேற்று) சேர்த்தால் குறைந்த வெப்பத்திலேயே உருகும். தண்ணீரில் கரைந்துவிடாமல் இருக்கச் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். நாம் தண்ணீர் குடிக்கும் கிளாஸ், யன்னல், ஜாம் போத்தல் எல்லாம் இந்தச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடிதான்.

இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் என்பவர் 1674இல் புதுவகைக் கண்ணாடி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் செய்த பாத்திரங்களில் கொஞ்ச நாளிலேயே நுண்ணிய வெடிப்புகள் ஓடின. அதைத் தீர்க்க ஈய ஒட்சைட்டைக் கலந்தபோது வந்ததுதான் ஈயக் கிறிஸ்டல். பாரம் கூடியது, ஒளியை அதிகம் முறித்தது, மென்மையாக இருந்ததால் சில்லில் பிடித்து ஆழமாக வெட்டுப்பூ போட முடிந்தது. நமது வீடுகளின் அலுமாரிகளில் தாத்தா காலத்திலிருந்து மினுங்கிக்கொண்டிருக்கும் வெட்டுக் கண்ணாடிச் சாமான்களின் பரம்பரை அங்கேதான் தொடங்குகிறது.

எதைக் கிறிஸ்டல் என்று விற்கலாம் என்பதற்கு ஐரோப்பாவில் 1969இலிருந்து சட்டம் இருக்கிறது. ஈய ஒட்சைட்டு 30 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஈயக் கிறிஸ்டல். 24 வீதம் இருந்தால் ஈயக் கிறிஸ்டல். இந்த இரண்டுக்கும் வட்ட வடிவப் பொன்னிற முத்திரை. ஈயத்துக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ நாகம், பேரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் மொத்தமாக 10 வீதம் வந்தால் கிறிஸ்டல் கண்ணாடி, அதற்குச் சதுர வெள்ளி முத்திரை. அதற்கும் கீழே ஒரு வகைக்கு முக்கோண வெள்ளி முத்திரை. ஐரோப்பாவுக்குள் விற்கும் சாமானுக்குத்தான் இந்தச் சட்டம். துறைமுகம் தாண்டி இங்கே வரும் பெட்டியில் 'கிறிஸ்டல்' என்று மட்டும் பொன் எழுத்தில் இருந்தால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செக் நாட்டுக் கண்ணாடிக்குப் பேர்போன 'பொஹீமியா' என்ற பெயரும் அப்படித்தான். அங்கேயே ஈயமுள்ளதும் செய்கிறார்கள், ஈயமில்லாததும் செய்கிறார்கள். 24 என்ற இலக்கம் பெட்டியிலோ ஒட்டுத்தாளிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பேச்சு.

ஆக, கடையில் ஒரே பெயரில் உங்கள் முன்னால் நிற்பவை இவை: ஈயக் கிறிஸ்டல், ஈயமில்லாக் கிறிஸ்டல், அச்சில் அழுத்திப் பூப்போட்ட சாதாரணக் கண்ணாடி, பரிசுக் கேடயங்களும் உள்ளே பிள்ளையார் தெரியும் கனசதுரங்களும் செய்கிற கே9 என்ற ஒளியியற் கண்ணாடி, சரவிளக்குகளில் தொங்கும் அக்ரிலிக். கடைசியாகச் சொன்னது கண்ணாடியே அல்ல, பிளாஸ்ரிக். கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும்: பாரமும் இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது, ஒன்றோடொன்று முட்டினால் 'டக்' என்று செத்த சத்தம் வரும். சரவிளக்கு வாங்குபவர்கள் இதை ஒரு தரம் தொட்டுப் பார்த்தால் போதும், மேலே படிக்கத் தேவையில்லை. கே9இல் ஈயம் இல்லை. தெளிவாகவும் வடிவாகவும் இருக்கும். மேசையில் வைக்க நல்ல சாமான். அதை ஈயக் கிறிஸ்டல் விலைக்கு விற்றால் மட்டும்தான் ஆட்சேபம்.

தட்டிப் பார்ப்பது

ஈயக் கண்ணாடி தட்டினால் நீளமாக ரீங்கரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சத்தத்தைத் தீர்மானிப்பதில் வடிவத்துக்கும் பெரிய பங்கு உண்டு. காலுள்ள மெல்லிய வைன் கிளாஸ் சாதாரணக் கண்ணாடியாக இருந்தாலும் ரீங்கரிக்கும். தடித்த அடியுள்ள கட்டைக் கிளாஸ் 30 வீத ஈயமாக இருந்தாலும் சுருக்கமாகத்தான் ஒலிக்கும். எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம்: வாயைச் சுற்றி உள்ளங்கையால் பிடித்தால் எந்தக் கிளாசும் ஊமைதான். கடைக்காரர் காலில் இரண்டு விரலால் பிடித்துத் தட்டிக் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அது அவருடைய தொழில் அனுபவம்.

ஆனால் தட்டுவதில் வேறொரு பயன் இருக்கிறது, அதற்காகக் கட்டாயம் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருந்தால் சத்தம் உடைந்து கேட்கும். ஆறு கிளாசுள்ள பெட்டியில் ஆறையும் எடுத்துத் தட்டினால், மற்றவற்றோடு ஒத்துப்போகாத ஒன்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

வெளிச்சமும் ஏமாற்றும். இப்போதைய கடைகளில் தட்டுக்குத் தட்டு எல்ஈடி பட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் அச்சில் வார்த்த ஊறுகாய்ப் போத்தல்கூட மினுங்கும். கேட்டுக்கொண்டு கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெட்டின ஓரங்களில் சிவப்பும் நீலமுமாக நிறம் பிரிந்தால் நல்ல அறிகுறி. வெட்டில்லாத வழுவழுப்பான கிளாசில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒளியை எவ்வளவு முறிக்கிறது என்று காட்டும் எண்ணான ஒளிமுறிவுச் சுட்டி சாதாரணக் கண்ணாடிக்கு 1.52 அளவில், ஈயக் கிறிஸ்டலுக்கு ஐரோப்பியச் சட்டம் கேட்பது 1.545. வெறும் கண்ணுக்கு இவ்வளவு சின்ன இடைவெளி எங்கே தெரியப்போகிறது? வெட்டுத்தான் அதை வெளியே கொண்டுவருகிறது.

வாயின் ஓரத்தை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேலே சரித்துப் பார்ப்பது இன்னொரு வழி. மணலில் உள்ள இரும்பின் மிச்சம் சாதாரணக் கண்ணாடிக்கு மெல்லிய பச்சைச் சாயல் கொடுக்கும். பச்சை தெரிந்தால் கதை முடிந்தது, அது கிறிஸ்டல் இல்லை. தெரியாவிட்டால் கிறிஸ்டல் என்று அர்த்தமில்லை. இரும்பு குறைந்த மணலில் செய்த நல்ல சாதாரணக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருக்கும்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது விரல். பூவேலையின் ஓரங்களை விரல் நுனியால் தடவுங்கள். சில்லில் வெட்டின ஓரம் கூர்மையாக நிற்கும். அச்சில் அழுத்தின ஓரம் உருண்டு மழுங்கியிருக்கும். பிறகு கிளாசை மெதுவாகச் சுற்றி, மேலிருந்து கீழே ஓடும் மெல்லிய தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம் அது. பூவேலைக்கு நடுவே அதை ஒளித்துவைப்பார்கள், ஆனாலும் நகத்துக்குத் தட்டுப்படும். தழும்பு இருந்தால் வெட்டுவேலைக்கென்று கேட்கிற கூடின விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

தண்ணீரில் நிறுப்பது

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாமானுக்கும், மாமியோ சித்தப்பாவோ கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்ததற்கும் இதைவிட நல்ல சோதனை இல்லை. கேக் அடிக்கிற வீடுகளில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு அகன்ற சட்டி, நூல், இவ்வளவும் போதும்.

முதலில் கிளாசை ஈரமில்லாமல் நிறுத்து எழுதிவையுங்கள். 290 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, தண்ணீர்ச் சட்டியைத் தராசில் வைத்து இலக்கத்தைப் பூச்சியமாக்குங்கள். கிளாசை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில் இருக்க வேண்டும்; கிளாஸ் அடியிலும் முட்டக்கூடாது, பக்கத்திலும் முட்டக்கூடாது; உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி சரித்து இறக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம், கிளாஸ் விலக்கிய தண்ணீரின் நிறை. 290ஐ அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 116 என்று காட்டினால் விடை 2.5, அது சாதாரணக் கண்ணாடி. 100க்குக் கீழே இறங்கினால் விடை 2.9க்கு மேல் போகும், அங்கே ஈயம் இருக்கிறது. 30 வீத முழு ஈயக் கிறிஸ்டல் 3ஐத் தொட்டோ தாண்டியோ நிற்கும். அடுப்பில் வைக்கிற போரோசிலிக்கேற் பாத்திரம் 2.2 அளவில் வரும், அக்ரிலிக் 1.2 அளவில்.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. ஈயமில்லாக் கிறிஸ்டலின் அடர்த்தி சாதாரணக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், ஆகவே அந்த இரண்டையும் இது பிரித்துக் காட்டாது. ஆனால் 'இதில் ஈயம் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு நல்ல விடை தரும். குடும்பத்துக்கு உண்மையில் வேண்டியதும் அந்த விடைதான். கையில் தூக்கிப் பார்த்து 'நல்ல பாரம்' என்று முடிவெடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அடியைத் தடிப்பாக வார்த்தால் எந்தக் கண்ணாடியும் பாரமாகத்தான் இருக்கும்.

(நல்லூர் வீதியில் ஸ்படிகமாலை வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். உண்மையான ஸ்படிகம் குவார்ட்ஸ் என்ற கனிமம். அது கண்ணாடியைக் கீறும், கண்ணாடி மணி அதைக் கீறாது. பழைய போத்தல் துண்டு ஒன்றில் உரசிப் பாருங்கள். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் வேண்டாம்.)

எதில் குடிப்பது

ஈயம் கண்ணாடிக்குள்ளேயே அசையாமல் இருக்காது. புளிப்பும் மதுசாரமும் அதை மெதுவாக இழுத்தெடுக்கும். 1991இல் த லான்செற் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், லீற்றருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் வைனைக் கிறிஸ்டல் குடுவைகளில் நான்கு மாதம் வைத்தார்கள். 24 வீதக் குடுவையில் அது 2,000ஐத் தாண்டியது; 32 வீதக் குடுவைகளில் ஒன்றில் 5,000ஐத் தாண்டியது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். கிளாசில் ஊற்றிய வைனில் சில நிமிடங்களிலேயே கொஞ்சம் இறங்கியதையும் அதே ஆய்வில் கண்டார்கள்.

நம் வீட்டில் போர்ட் வைன் இல்லையே என்று சொல்லலாம். தோலகட்டி நெல்லி ரசம் இருக்கிறது, தேசிக்காய்த் தண்ணி இருக்கிறது, மாங்காய் ஊறுகாய் இருக்கிறது. மூன்றும் புளிப்பு. விருந்தாளிக்கு ஒரு தரம் ஈயக் கிளாசில் நெல்லி ரசம் கொடுத்து உடனே கழுவி வைத்தால் அதற்காக நித்திரை கெட வேண்டியதில்லை. ஆனால் அழகாக இருக்கிறதென்று வெட்டுக் கிறிஸ்டல் ஜக்கில் ரசத்தைக் கலந்து இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், மூடியுள்ள கிறிஸ்டல் கிண்ணத்தில் ஊறுகாயை நிரப்பிவைப்பதும் கூடவே கூடாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை. சின்னப்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதன் தீங்கு அதிகம். அவர்கள் இருக்கிற வீட்டில் ஈயக் கிறிஸ்டலுக்கு இடம் அலுமாரி மட்டுமே. பழைய சாமான் என்றால் இன்னும் கவனம். கிறிஸ்டல் கற்களுக்குப் பேர்போன ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம்கூட 2012இலிருந்துதான் தன் கற்களிலிருந்து ஈயத்தை நீக்கியது.

சூடும் இன்னொரு விஷயம். பிளேன்ரீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிற வழக்கம் நமக்கு. வெட்டுப்பூ போட்ட கிறிஸ்டலில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெல்லிசு, சூடு ஒரேபோலப் பரவாது, வெடிக்கும். சாதாரணக் கிளாசும் சில நேரம் அப்படி வெடிப்பதுண்டு. தேத்தண்ணிக்குக் கண்ணாடிதான் வேண்டுமென்றால் போரோசிலிக்கேற் வாங்குங்கள். சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீருக்கும் சோடாவுக்கும், பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்கும், சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கின கிளாஸ் நல்லது. விழுந்து உடைந்தாலும் கத்திபோல நீளத் துண்டாகாமல் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறும்.

பிறகு, நமது தண்ணி. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறைக்குள் வெட்டினவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எல்லாருக்கும் தெரியும். அதே வெள்ளை கிளாசிலும் படியும். கழுவித் தானாகக் காயவிட்டால் சில மாதத்தில் எந்தக் கிறிஸ்டலும் மங்கிப்போகும், வெளிநாட்டில் மினுங்கின மினுக்கம் இங்கே வந்தவுடன் எங்கே போனது என்று தோன்றும். கழுவினவுடன் பழைய பருத்தி வேட்டித்துண்டால் துடைத்துவிடுங்கள். படிந்த வெள்ளைக்குத் தேசிக்காய்ப் பாதி நல்லது. ஈயக் கிறிஸ்டல் என்றால் தேய்த்தவுடன் கழுவ வேண்டும். புளியில் ஊறப்போடக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். அதோடு ஈயக் கண்ணாடி மென்மையானது. தும்புத் தேய்ப்பானும் சாம்பலும் அதற்கு எதிரி. நாளாந்தம் இவ்வளவு சேவகம் செய்ய யாருக்கு நேரம்? குசினிக்குச் சாதாரணக் கண்ணாடி போதும் என்று நான் சொல்வதற்கு ஈயத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஈயமில்லாக் கிறிஸ்டல். மெல்லிய வாய், நல்ல தெளிவு, குடிக்கவும் பயமில்லை. ஜேர்மனியில் தைற்றேனியம் சேர்த்து உறுதி கூட்டினதும் செய்கிறார்கள். விருந்துக்கென்று ஒரு செற் தனியாக வைத்துக்கொள்கிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு குறை, அதற்கும் நல்ல சாதாரணக் கண்ணாடிக்கும் இடையில் வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டில் வழியில்லை. முத்திரையையும் பெட்டியையும் நம்பித்தான் வாங்க வேண்டும். முத்திரை இல்லாததற்குக் கிறிஸ்டல் விலை கொடுக்க நான் தயாரில்லை.

கலியாணப் பரிசுக்கு என்ன வாங்குவது? தம்பதியர் வெளிநாடு போகப்போகிறார்கள் என்றால் கண்ணாடியே வேண்டாம். பாரம், உடையும் பயம், அங்கே இதைவிட மலிவு. இங்கேயே குடித்தனம் என்றால், அலுமாரிக்குப் போகிற ஒரே ஒரு நல்ல ஈயக் கிறிஸ்டல் பூச்சாடி, ஆறு பூப்போட்ட அச்சுக் கிளாசைவிட மதிப்பு. பூச்சாடியில் யாரும் குடிக்கப்போவதில்லை. வெட்டுவேலையின் அழகு முழுதும் அதில் தெரியும். ஒன்று உடைந்து செற் குறைந்துவிட்டதென்ற கவலையும் கிடையாது. குடிபூரலுக்கு என்றால் நான் எதிர்ப்பக்கம்: பன்னிரண்டு உறுதியான தண்ணீர்க் கிளாஸ், அதுவும் தனித்தனியாகவும் வாங்கக்கூடிய வகை. இரண்டு உடைந்தால் அதே கடையில் இரண்டை வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஈயக் கிறிஸ்டல் என்றே வாங்குவதானால், காசு கொடுக்கும்போது '24 வீத ஈயக் கிறிஸ்டல்' என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம். தராவிட்டால் முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அதுவரை போகத் தேவையிருக்காது. "அப்பிடியெல்லாம் எழுதிறேல்லை, தங்கச்சி" என்று பதில் வந்தால், கண்ணாடி விலைக்குக் கேட்டுப் பாருங்கள், அனேகமாகத் தருவார்.